ஆறு படிக் கனிவு

மனித மனம் ஆழம் காண முடியாத கடல் என்று ஞானிகள் சொல்லிவிட்டுப் போனார்கள். பாவம், அவர்களுக்கு நேரம் நிறைய இருந்தது, திட்டமிடத் தெரியவில்லை. அதே கடலை ஒரு காவல் நிலையம் பதினோரு மணி நேரத்தில், தேநீர் இடைவேளையும் மதியச் சாப்பாடும் போக, கரைக்குக் கரை அளந்து முடித்து அறிக்கையும் அனுப்பிவிட்டது. நாகரிகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் நெருப்பு, சக்கரம், அச்சு இயந்திரம் என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்து, நான்காவதாக அந்த நிலையத்தின் "மனநல நெருக்கடிக் கனிவுப் பயிற்சி"யை எழுதாமல் விட்டால், அவர்கள் மேல் ஒரு வழக்குப் போடுவதில் தப்பே இல்லை.

அந்த வரலாற்று நிகழ்வைத் தொடக்கம் முதல் பக்கத்திலிருந்து பார்த்தவர் நிலையத்து ரைட்டர். ரைட்டர் என்றதும் கதை எழுதுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். நினைத்தாலும் பெரிய பிழையில்லை. புகார், வாக்குமூலம், வழக்கு நாட்குறிப்பு என்று நிலையத்தில் எழுத வேண்டியதை எல்லாம் எழுதுகிற காவலருக்கு அங்கே அதுதான் பெயர். பத்தொன்பது வருடமாக எழுதுகிறார். எழுத்து முத்து முத்தாக இருக்கும். திருடன்கூடத் தன் வாக்குமூலத்தைப் பார்த்து, "நானா இவ்வளவு அழகா திருடினேன்?" என்று ஆச்சரியப்பட்டுப் போவான்.

ஆய்வாளருக்கு அந்த எழுத்தின் மேல் அசைக்க முடியாத நம்பிக்கை. நம்பிக்கை என்றால், படிப்பதே இல்லை. ரைட்டர் எதை நீட்டினாலும் அடியில் "படித்துப் பார்த்தேன், அனைத்தும் உண்மை" என்று எழுதிக் கையொப்பமிட்டு முத்திரையும் குத்திவிடுவார். ஒருமுறை ரைட்டரின் மனைவி கொடுத்தனுப்பிய மளிகைச் சீட்டு கோப்போடு கலந்துபோய்விட்டது. துவரம்பருப்பு இரண்டு கிலோ, துணி சோப்பு நாலு, கொசுவத்தி ஒரு டஜன். அதற்கும் கீழே "படித்துப் பார்த்தேன், அனைத்தும் உண்மை". அந்தச் சீட்டைப் பார்த்த மளிகைக்காரர் எழுந்து நின்று சாமான் போட்டார்.

இப்படிச் சீராக ஓடிக்கொண்டிருந்த ரைட்டரின் பிழைப்பில் மூன்று மாதங்களுக்கு முன்னால் ஒரு பெயிண்டர் வந்து விழுந்தார். விழுந்தார் என்றால் நிஜமாகவே விழுந்தார்.

நிலையத்துக்குப் பின்னால் ஓர் உயரமான தண்ணீர்த் தொட்டி. அதற்கு வெள்ளையடித்தவரே அந்தப் பெயிண்டர்தான், ஏறும் வழி தெரியும். அவருக்குப் பல வாரமாகத் தூக்கமில்லை. தலைக்குள் யாரோ ஓயாமல் மேசையை இழுத்துப் போடுகிற சத்தம். தொட்டியின் உச்சியில் அந்தச் சத்தம் கேட்காது என்று எப்படியோ தோன்றியிருக்கிறது, ஏறி உட்கார்ந்துவிட்டார். காவல்துறை விரைந்து வந்தது. பின்கதவைத் திறந்தாலே தொட்டி என்பதால் வழக்கத்தைவிட விரைந்து வந்தது. ஆய்வாளர் ஒலிபெருக்கியை வாங்கி, மனித மனத்தைப் பற்றி அந்நாள் வரை துறையிடம் இருந்த மொத்த அறிவையும் திரட்டி, "தைரியம் இருந்தா குதிடா பாப்போம்!" என்றார். மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை பெயிண்டர் எழுந்து நின்றார். கால் இடறியதோ மனசு இடறியதோ, வந்துவிட்டார் கீழே. நடுவில் ஏணியின் தளத்தில் மோதி, அங்கிருந்து மணல் குவியலில் விழுந்து, ஒரு காலும் இடுப்பும் உடைந்ததோடு போயிற்று. ஆய்வாளர் தவறவிட்ட ஒலிபெருக்கியின் மேல் பெயிண்டர் போய் உருண்டார். அதுவும் உடைந்தது.

சட்டம் சும்மா இருக்குமா? பொதுச் சொத்தின் மேல் அத்துமீறி ஏறியது, அரசு ஒலிபெருக்கியைத் தம் உடம்பால் சேதப்படுத்தியது என்று பெயிண்டர் மேல் இரண்டு பிரிவுகளில் வழக்கு. ஆய்வாளர் சொல்லச் சொல்ல ரைட்டர் எழுதினார். "காவல்துறை கனிவாக எடுத்துக் கூறியும் கேளாமல், மேற்படி நபர் தாமாகவே விழுந்தார்."

"கனிவாக" என்ற இடத்தில் ரைட்டரின் பேனா நின்றது. "என்னய்யா, மை தீந்துருச்சா?" என்று ஆய்வாளர் தம் பேனாவைக் கொடுத்தார். ரைட்டர் எழுதி முடித்தார். அன்றிலிருந்து பெயிண்டருக்கு மருத்துவமனை மாத்திரையில் தூக்கம் வர ஆரம்பித்தது, ரைட்டருக்குப் போய்விட்டது. பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ எழுதியிருக்கிறார், பூசி மெழுகியிருக்கிறார். ஆனால் இந்த ஒரு வாக்கியம் மட்டும் கோப்பில் தங்காமல் தினமும் அவரோடு வீட்டுக்கு வந்தது.

"ஏங்க, விடிய விடிய ஃபேனையே பாத்துட்டுக் கெடக்கீங்க. அது எங்கயும் ஓடிப் போகாது. முதல்ல ஒரு டாக்டரைப் போய்ப் பாருங்க" என்றாள் மனைவி.

டாக்டரைப் பார்க்க விடுப்பு வேண்டும். விடுப்பு கேட்க டாக்டர் சான்றிதழ் வேண்டும். இந்தச் செக்குமாட்டுப் பாதையில் ஐந்து சுற்று சுற்றிவிட்டு, ரைட்டர் வெட்கத்தை விட்டு ஆய்வாளரிடமே வாயைத் திறந்தார்.

"ஐயா, மூணு மாசமா சுத்தமா தூக்கம் இல்லைங்க. மனசே சரியில்ல. எதுலயும் பிடிப்பில்ல. பதினஞ்சு நாள் லீவு கெடச்சா..."

ஆய்வாளர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "தூக்கம் வரலையா? அடப்பாவி, இத்தனை நாள் சொல்லாம இருந்துட்டியே! ராத்திரி ரோந்துக்கு ஆள் இல்லாம நான் அல்லாடிட்டுக் கெடக்கேன்!"

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல் அவர் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி. வாரம் மூன்று இரவு ரோந்து ரைட்டர் தலையில் விழுந்தது.

அந்த மூன்று மாதத்தில் ரைட்டரைப் பார்த்து "தூங்கினீங்களா?" என்று கேட்ட ஆள், வீட்டுக்கு வெளியே ஒரே ஒருவர்தான். அவர் குற்றவாளி. ஜாமீன் நிபந்தனைப்படி பெயிண்டர் தினமும் பதினொன்றரை மணிக்குள் நிலையத்துக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து நோட்டு இரும்பு பீரோவுக்குள், பீரோ சாவி ரைட்டரின் சட்டைப் பைக்குள். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பெயிண்டர் உட்காருவார். ரைட்டர் நோட்டை விரிப்பார்.

"நேத்து தூங்கினீங்களா சார்?"

"ம்."

"இல்ல சார். கண்ணு சொல்லுது. எனக்கும் இப்படித்தான் செவந்து கெடந்துச்சு. தொட்டி மேல போனப்பதான் தலைக்குள்ள சத்தம் அடங்குச்சு."

ரைட்டர் தலையைத் தூக்க மாட்டார். அடுத்த வாரம் வழக்கு விசாரணை. தாம் எழுதிய அந்த ஒரு வாக்கியம் நின்றால் இந்த மனிதர் ஊன்றுகோலோடு உள்ளே போவார் என்பது அவருக்குத் தெரியும்.

இதற்கிடையில் பெயிண்டர் விழுந்த செய்தி ஒரு பத்திரிகையில் நாலு வரி வந்துவிட்டது. நாலு வரி வந்தால் மேலிடம் நாற்பது பக்கத்துக்குச் சுற்றறிக்கை அனுப்பும். காவலர் அனைவரும் "மன நெருக்கடியில் உள்ள குடிமக்களை அணுகும் கனிவு முறை"யில் இரண்டு நாளில் தேர்ச்சி பெற வேண்டும். தேறாதவர் விளக்கம் எழுதித் தர வேண்டும்.

பயிற்சியளிக்க ஒரு நிபுணர் வந்தார். கழுத்தில் அட்டை, கையில் மடிக்கணினி, முகத்தில் கழற்ற முடியாத புன்னகை. இதற்கு முன்னால் செருப்புக் கடை விற்பனையாளர்களுக்கு வாடிக்கையாளரின் காலைப் பார்க்காமல் கண்ணைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர். காலில் இருந்து கண்ணுக்கு வந்தவர் கண்ணில் இருந்து மனசுக்குப் போவதில் என்ன வியப்பு? எல்லோருக்கும் பளபளப்பான ஓர் அட்டை கொடுத்தார். அதில் கனிவு ஆறு படிகளாக அச்சிடப்பட்டிருந்தது. உன் பெயரைச் சொல், அவர் பெயரைக் கேள், கண்ணைப் பார், "உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுது" என்று சொல், தண்ணீர் கொடு, கடைசியாக அமைதி அடைந்ததற்குக் கையொப்பம் வாங்கு. ஆறாவது படி முதலில் கிடையாது. கையொப்பம் இல்லாமல் ஒருவர் அமைதி அடைந்தார் என்று எந்தத் தணிக்கை ஒத்துக்கொள்ளும் என்று ஆய்வாளர் எடுத்துச் சொல்லிச் சேர்க்க வைத்தார். அட்டையின் செலவை ஒரு மெத்தைக் கம்பெனி ஏற்றுக்கொண்டிருந்ததால் பின்பக்கம் முழுக்க அவர்கள் விளம்பரம்.

முதல் நாள் வகுப்பு. இரண்டாம் படியில் ஒரு காவலர் எழுந்து ஒத்திகை செய்து காட்டினார்.

"நான் காவலர். உங்க பேரு, அப்பா பேரு, வயசு, முகவரி, அடையாள மச்சம்?"

"மச்சம் வேண்டாங்க" என்றார் நிபுணர் புன்னகையோடு.

"மச்சம் இல்லாம ஒருத்தர் கஷ்டத்தை எப்படிங்க நம்புறது?"

மென்குரல் பயிற்சிதான் அன்றைய சிகரம். நாற்பது காவலர்கள் ஒரே நேரத்தில், தேன் ஒழுக, "உக்காருங்க... பயப்படாதீங்க... நாங்க இருக்கோம்..." என்றார்கள். பக்கத்து அறையில் விசாரணைக்காக உட்கார வைத்திருந்த சைக்கிள் திருடனுக்கு அதைக் கேட்டு வேர்த்துக் கொட்டிவிட்டது. ஐந்தாவது "நாங்க இருக்கோம்" முடிவதற்குள் ஏழு சைக்கிளை ஒத்துக்கொண்டான். எடுத்தது இரண்டுதான். கனிவின் ஆற்றலுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நிபுணர் அதைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்.

மாலையில் ஒரு சிக்கல் வந்தது. இரண்டாம் நாள் மாதிரி ஒத்திகை. மேலதிகாரியான பெரிய ஐயாவே நேரில் பார்வையிட வருகிறார். மீட்பதற்கு நாற்பது பேர் தயார். மீட்கப்படுவதற்கு ஆள் இல்லை. எந்தக் காவலரும் "மனசு சரியில்லாதவராக" நிற்க முன்வரவில்லை. நாளைக்குப் பெயரே அப்படி நின்றுவிட்டால்?

ஆய்வாளரின் பார்வை அறையைச் சுற்றி வந்து ரைட்டர் மேல் நின்றது. குழி விழுந்த கண், சவரம் செய்யாத தாடை, கையில் ஒரு சின்ன நடுக்கம்.

"யோவ், இவரைவிட வேற ஆளு வேணுமா? வேஷமே போட வேண்டாம் போலிருக்கே!"

அறை கலகலவென்று சிரித்தது. நிபுணர் ரைட்டரைச் சுற்றிவந்து பார்த்து, "பிரமாதம். நடை, பார்வை, அந்தக் கை நடுக்கம்... எல்லாம் அச்சு அசல். எப்படிங்க பண்றீங்க?" என்று கேட்டார்.

"தானா வருதுங்க" என்றார் ரைட்டர்.

மறுபடியும் சிரிப்பு. நாற்பது பேர் கையிலும் ஆறு படி அட்டை. ஒருவராவது முதல் படி ஏறிப் பார்க்கவில்லை.

ஒத்திகைக்குத் தண்ணீர்த் தொட்டியையே தேர்ந்தெடுத்தார்கள். எங்கே இழுக்கு வந்ததோ அங்கேயே துடைக்க வேண்டும் என்பது ஆய்வாளரின் கொள்கை. பெரிய ஐயா வருகிறார் என்று இடத்தைச் சுத்தம் செய்து மணல் குவியலை அள்ளிவிட்டார்கள். தரை பளிச்சென்று சிமெண்டாக இருந்தது. புது ஒலிபெருக்கி வந்திருந்தது. நிழலுக்குப் பந்தலும் நாற்காலிகளும் போட்டிருந்தார்கள். ரைட்டர் ஏணியின் பாதியில் உள்ள தளம் வரை ஏறி, பத்து நிமிடம் அழுதுவிட்டு இறங்க வேண்டும் என்பது ஏற்பாடு.

பத்து மணிக்கு விசில் ஊதினார்கள். ரைட்டர் ஏறினார். தளம் வந்தது. கீழே பார்த்தார், நாற்பது தொப்பி. மேலே பார்த்தார், யாருமில்லை. கால் தானாக மேலே போயிற்று. உச்சிக்குப் போய், விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தார். பெயிண்டர் சொன்னது சரிதான். அங்கே சத்தமே இல்லை. அந்த வாக்கியம்கூட அங்கே ஏறி வரவில்லை. மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவருக்கு நன்றாக இருந்தது, அதுதான் பயமாகவும் இருந்தது. இறங்கினால் மறுபடி எல்லாம் இருக்கும், இறங்காவிட்டால் இருக்காது. அப்படி நினைத்தார். மறைக்க ஒன்றுமில்லை, நினைக்கத்தான் செய்தார்.

"அட, உச்சிக்கே போயிட்டாரே! என்ன ஈடுபாடு!" என்றார் பந்தலில் பெரிய ஐயா.

ஆய்வாளர் ஒலிபெருக்கியையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். முதல் படி, தம் பெயரைச் சொன்னார். இரண்டாம் படி, ரைட்டரின் பெயரைக் கேட்டார்.

"பத்தொம்பது வருஷமா உங்க கூடத்தான் ஐயா இருக்கேன்."

"சொல்லுய்யா, படி தாண்டக் கூடாது" என்று ஆய்வாளர் பல்லைக் கடித்தார். உடனே மென்குரலுக்கு மாறி, "கண்ணைப் பாக்கறேன்" என்றார். அவ்வளவு உயரத்தில் கண் தெரியாததால், கண் இருக்கக்கூடிய திசையைப் பார்த்தார். நிபுணர் அரை மதிப்பெண் போட்டார்.

"உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுது!"

"என்ன கஷ்டம்னு சொல்லுங்க பாப்போம்?" என்றார் ரைட்டர்.

இந்தக் கேள்வி அட்டையில் இல்லை. ஆய்வாளர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இனி உங்களுக்கு நிம்மதியான உறக்கம்! இரண்டு வாங்கினால் தலையணை இலவசம்" என்று இருந்தது. மறுபடி முன்பக்கத்துக்கே வந்துவிட்டார்.

"தண்ணி குடிக்கிறீங்களா?"

"தண்ணி மேலதான் ஐயா உக்காந்திருக்கேன்." ரைட்டர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, நான் நடிக்கல. நெசமாவே என்னால முடியல. நான் எழுதினது பொய்யி. எனக்குத் தூக்கம் வரல ஐயா."

பந்தலில் கரவொலி எழுந்தது. பெரிய ஐயா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்படி ஒரு நடிகரை வெச்சுக்கிட்டா நீங்க கணக்கு வழக்கு எழுத விட்டிருக்கீங்க?" என்று ஆய்வாளரைச் செல்லமாகக் கடிந்துகொண்டார். பத்து நாற்பதுக்கு விசில். ஒத்திகை மாபெரும் வெற்றி என்று அறிவிக்கப்பட்டது. சால்வை, குழுப் படம், தேநீர் எல்லாம் முறைப்படி நடந்தன. குழுப் படத்தின் பின்னணியில் தொட்டியும், தொட்டியின் உச்சியில் இரண்டு கால்களும் தெளிவாக விழுந்திருக்கின்றன.

தேநீர் முடிந்தும் கால்கள் இறங்கவில்லை.

"ரைட்டர், போதும்யா! முடிஞ்சிருச்சு, இறங்கு!"

ஆய்வாளருக்கு முகம் சிவந்தது. கை தன்னிச்சையாக ஒலிபெருக்கிக்குப் போயிற்று. "யோவ்! எறங்குறியா இல்லையா? தைரியம் இருந்தா கு..." என்றவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். ஏதோ நினைவு வந்து மனம் கலங்கிவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். பெரிய ஐயாவின் வண்டி இன்னும் வாசலைத் தாண்டியிருக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் டக் டக் என்று ஊன்றுகோல் சத்தம் கேட்டது. பெயிண்டர் கையெழுத்துப் போட வந்திருந்தார். நிலையத்தில் யாரும் இல்லாததால் பின்பக்கம் வந்தவர், எல்லோரும் அண்ணாந்திருப்பதைப் பார்த்துத் தாமும் அண்ணாந்தார். பிறகு ஏணியின் அடிக்குப் போனார்.

"பயிற்சி பெறாதவங்க கிட்ட வரக் கூடாது" என்று நிபுணர் புன்னகையோடு தடுத்தார். ஊன்றுகோல் நிபுணரின் கால் விரல் மேல் ஊன்றப்பட்டது. தெரிந்தா தெரியாமலா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. இரண்டு நாளில் முதல் முறையாக அந்தப் புன்னகை கழன்றது.

"சார்!" என்று வெறும் வாயால் கூப்பிட்டார் பெயிண்டர். "நேத்தும் தூங்கலையா?"

"இல்லப்பா" என்றது மேலிருந்து குரல்.

"மேல சத்தமே இல்லல்ல?"

"இல்ல. நீ சொன்ன மாதிரிதான் இருக்கு."

"பத்து நிமிஷம் நல்லாத்தான் இருக்கும் சார். அப்புறம் காலு மரத்துப் போவும். பசிக்கும். கீழ இருந்து யாராச்சும் நல்லபடியா கூப்பிட மாட்டாங்களான்னு இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்துச்சு."

ஆய்வாளர் அட்டையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

"உன்னைப் பத்தி நான் எழுதினது தெரியுமா உனக்கு?"

"தெரியாம என்ன சார்? கோர்ட்டுல படிச்சுக் காமிச்சாங்களே. எழுத்து மட்டும் முத்து முத்தா இருக்குன்னு ஜட்ஜே பாராட்டினாரு."

"தெரிஞ்சுமா தினம் வந்து தூங்கினியான்னு கேட்ட?"

"அதை எழுதினவரு தூங்க முடியாம தவிக்கிறாருன்னா, ஆளு நல்ல ஆளுன்னு அர்த்தம் சார். அதான் கேட்டேன்."

மேலே கால்கள் ஆடாமல் நின்றன.

"சார், மணி பதினொன்னு இருவது ஆச்சு. நான் கையெழுத்துப் போடணும். அரை மணி தாண்டினா ஜாமீன் போயிரும். பீரோ சாவி உங்க பையிலதான் இருக்கு."

"இந்தா, சாவியைக் கீழ போடறேன். எடுத்துக்க."

"போடாதீங்க சார்!" என்றார் பெயிண்டர் பதறிப்போய். "இடுப்பு இப்படி இருக்கு, என்னால குனிஞ்சு எடுக்க முடியாது. கொண்டாந்து கையில குடுங்க."

நாற்பது பேரில் யார் வேண்டுமானாலும் குனிந்து எடுத்துக் கொடுத்திருக்கலாம். அது ரைட்டருக்கும் தெரியும், பெயிண்டருக்கும் தெரியும். ஆனாலும் சற்று நேரத்தில் இரண்டு கால்கள் ஏணியைத் தேடின. ஒவ்வொரு கம்பியாக, நடுங்கி நடுங்கி, ரைட்டர் இறங்கி வந்தார். வந்ததும் பெயிண்டரின் தோளைப் பிடித்துக்கொண்டார். பெயிண்டர் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாக உள்ளே போய் நோட்டைத் திறந்தார்கள். பதினொன்று இருபத்தெட்டுக்குக் கையெழுத்து விழுந்தது.

நிபுணர் மதிப்பெண் தாளைப் பார்த்து வருந்தினார். பெயிண்டர் தம் பெயரைச் சொல்லவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை, கையொப்பத்தை வாங்காமல் தாமே போட்டிருக்கிறார். ஆறுக்குச் சுழியம். ஆய்வாளர் அதோடு விடவில்லை. உரிய பயிற்சி இல்லாமல் அரசு ஒத்திகையில் குறுக்கிட்டு ஒருவரை உயிரோடு இறக்கியது பற்றிப் பெயிண்டர் மேல் மூன்றாவதாக ஒரு பிரிவு சேர்க்க முடியுமா என்று யோசிக்க ஆரம்பித்தார். யோசித்து முடிக்கும் வரை அவரைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

"ரைட்டர், பயிற்சி அறிக்கை மத்தியானத்துக்குள்ள போகணும். 'பயனாளி வாக்குமூலம்'னு ஒரு பக்கம் கேக்கறாங்க. நீதானே பயனாளி, நீயே எழுதிரு. படிக்கிறவனுக்கு மனசு உருகணும்."

"நடந்ததை எழுதட்டுமா ஐயா?"

"பின்னே நடக்காததையா எழுதுவ?" என்று ஆய்வாளர் கோபித்துக்கொண்டார். "மூணு காப்பி. ஒண்ணு பெரிய ஐயாவுக்கு, ஒண்ணு பயிற்சிக் கம்பெனிக்கு. இன்னொண்ணை இந்தப் பெயிண்டர் கேஸ் கட்டோட சேத்து கோர்ட்டுக்கு அனுப்பு. நம்ம டிபார்ட்மெண்ட் எப்படி மாறிருச்சுன்னு ஜட்ஜும் தெரிஞ்சுக்கட்டும்."

ரைட்டர் ஒரு மணி நேரம் எழுதினார். பேனா எங்கேயும் நிற்கவில்லை. எழுதிய கட்டை ஆய்வாளரின் மேசையில் வைத்தபோது அவர் தொலைபேசியில் யாருக்கோ கனிவின் தத்துவத்தை விளக்கிக்கொண்டிருந்தார். தோளுக்கும் காதுக்கும் நடுவில் தொலைபேசியை இடுக்கிக்கொண்டு, பக்கம் பக்கமாகத் தள்ளித் தள்ளி ஒன்பது இடத்தில் எழுதிக் கையொப்பமிட்டார், முத்திரை குத்தினார். ஒன்பதாவது தாள் ரைட்டரின் பதினைந்து நாள் மருத்துவ விடுப்பு விண்ணப்பம். உறையை ஒட்டித் தபால்காரக் காவலரிடம் கொடுத்து, அவர் வண்டி கிளம்பிப் போகும் வரை வாசலில் நின்று பார்த்துவிட்டு ரைட்டர் உள்ளே வந்தார். பெயிண்டர் இருந்த பெஞ்சிலேயே உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சாய்ந்தார், சாய்ந்தவர் தூங்கிவிட்டார். குறட்டை வாசல் வரை கேட்டது.

"யோவ் ரைட்டர்!" என்று கத்திக்கொண்டு வந்தார் ஆய்வாளர்.

பெயிண்டர் உதட்டில் விரலை வைத்தார். "உஸ்... மெதுவா சார். மூணு மாசத்துத் தூக்கம்."

ஆய்வாளர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துப் பார்த்தார். இதற்கு அதில் படி எதுவும் இல்லாததால் வாயை மூடிக்கொண்டு போய்விட்டார். அந்த இரண்டு நாள் பயிற்சியில் அவர் கற்று, நடைமுறைப்படுத்திய ஒரே கனிவு அதுதான். அந்தப் பெருமையை நாம் மறைக்கக் கூடாது.

இப்போது நீதிமன்றத்தின் கையில் இருக்கும் அந்த வாக்குமூலம், மனநலப் பயிற்சி பெற்ற ஒரு காவல் நிலையம் எவ்வளவு வெளிப்படையாக இருக்க முடியும் என்பதற்கு என்றும் எடுத்துக்காட்டாக நிற்கும். முத்து முத்தான எழுத்தில் அதன் கடைசிப் பத்தி இது:

"இன்று என்னை உயிரோடு இறக்கியவர், இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர். அன்று அவர் தாமாகவே விழவில்லை. 'தைரியம் இருந்தா குதிடா பாப்போம்' என்று ஒலிபெருக்கியில் மூன்று முறை சொல்லப்பட்ட பிறகே விழுந்தார். அதைக் 'கனிவாக' என்று எழுதியவன் நான். சொன்னவர், கீழே கையொப்பமிட்டிருப்பவர்."

அதற்குக் கீழே, வேறொரு கையெழுத்தில், முத்திரை கோணாமல் விழுந்த இடத்துக்குச் சற்று மேலே:

"படித்துப் பார்த்தேன், அனைத்தும் உண்மை."